யமாலில் பெய்த நவம்பர் மழை

அவையோருக்கு வணக்கம்.

வடதுருவப் பகுதி வெப்பமடைகிறது என்றதும், குளிர் குறைந்தால் அங்குள்ள விலங்குகளுக்கு நல்லதுதானே என்று சிலர் கேட்பதுண்டு. அதற்கான விடை, ரஷ்யாவின் வடமேற்குச் சைபீரியாவில் காரா கடலை ஒட்டி நீண்டு கிடக்கும் யமால் தீபகற்பத்தில், 2013 நவம்பரில் பெய்த ஒரு மழையில் இருக்கிறது.

அங்கு வாழும் நெனெட்ஸ் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பனிமான் மேய்ப்பவர்கள். ஓப் விரிகுடாவுக்குத் தெற்கே, மரங்கள் காற்றைத் தடுக்கும் காட்டோரத்தில் குளிர்காலத்தைக் கழிக்கும் குடும்பங்கள், விரிகுடா உறைந்து கிடக்கும்போதே கூடாரங்களைச் சறுக்குவண்டிகளில் ஏற்றிக்கொண்டு வடக்கே கிளம்பிவிடுகின்றன. மே மாதத்தையொட்டிப் பயணத்தின் நடுவிலேயே குட்டிகள் பிறக்கின்றன. கோடையில் கடற்காற்று கொசுக்கூட்டத்தை விரட்டுவதால் வடக்கே மான்கள் ஓரளவு நிம்மதியாக மேய்கின்றன. இலையுதிர்காலத்தில் மீண்டும் தெற்கே திரும்பி, விரிகுடா உறைந்த பிறகே அதைக் கடக்க வேண்டும். சில குடும்பங்கள் இப்படி ஆண்டுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நடக்கின்றன.

குளிர்காலத்தில் பனிமானின் முக்கிய உணவு தரையில் படர்ந்திருக்கும் லைக்கன். நம் வீடுகளில் மணத்துக்காகக் குழம்பில் சேர்க்கும் கல்பாசியும் ஒரு லைக்கன்தான். ஆனால் தூந்திரத்தில் வளரும் வகை ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்களே வளர்வதால், ஒருமுறை மேய்ந்து தீர்த்த இடம் தேறப் பல ஆண்டுகள் ஆகும். பனி உதிரியாக இருக்கும்வரை, எவ்வளவு குளிரானாலும் மான் மோப்பம் பிடித்துக் குளம்பால் தோண்டித் தின்றுவிடும். பனியின்மேல் மழை பெய்து, அந்த நீர் உறைந்து கெட்டிப் பாளமானால்தான் அதனால் ஒன்றும் செய்ய முடிவதில்லை.

2013 நவம்பரில் நடந்தது அதுதான். மழையைத் தொடர்ந்து கடுங்குளிர் இறங்கியதால், உருவான பனிப்பாளம் வசந்தம்வரை உருகவில்லை. தீபகற்பத்திலிருந்த ஏறத்தாழ 2,75,000 மான்களில் 61,000 பட்டினியால் மடிந்தன. 2006 நவம்பரில் பெய்த இதே போன்ற மழைக்குப் பின் 20,000 மான்கள் மடிந்திருந்தன. பாரன்ட்ஸ், காரா கடல்களில் இலையுதிர்காலப் பனி விலகி, திறந்த நீரிலிருந்து எழும் ஈரம் நிலத்துக்கு வருவதோடு இந்த மழைகளுக்குத் தொடர்பு உண்டென்று பின்லாந்தின் லாப்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புரூஸ் ஃபோர்ப்ஸ் குழுவினர் 2016இல் எழுதினர். மந்தையை இழந்த குடும்பங்கள் பல, மீன்பிடித்துப் பிழைத்தபடி, உறவினரிடம் மான்களை இரவல் வாங்கி மந்தையை மறுபடி உருவாக்க முயன்றன.

மேய்ச்சல் நிலம் பாளமாவது நெனெட்ஸ் மக்களுக்குப் புதிதல்ல. பாளமில்லாத இடம் தேடி நகர்ந்துவிடுவதே அவர்கள் அறிந்த பழைய மருந்து. இன்று அந்த மருந்துதான் கிடைப்பதில்லை என்பதே என் வாதம். 2013இல் பாளம் பரவிய பரப்பு நகர்ந்து தப்பிக்க இயலாத அளவுக்குப் பெரிது. விரிகுடா தாமதமாக உறைந்தால் மந்தை வடகரையிலேயே காத்து நிற்க நேர்கிறது. 2012இல் எரிவாயு எடுக்கத் தொடங்கிய பவனென்கவோ எரிவாயுக் களமும், அதற்கான குழாய்களும் ரயில்பாதையும் பழைய வலசைப் பாதைகளை வெட்டிச் செல்கின்றன. மந்தைகள் அளவுக்கு மீறிப் பெருகிவிட்டன என்று அதிகாரிகள் சொல்வதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் நிலம் சுருங்கியதைப் பேசாமல் மான்களின் எண்ணிக்கையை மட்டும் பேசுவது பாதிக் கணக்கு.

கோடைக்கும் தனித் துன்பம் உண்டு. 2016இன் கடும் வெப்பத்தில், ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் உறைநிலம் உருகி, பழைய மான் சடலங்களிலிருந்து வெளிவந்ததாகக் கருதப்படும் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோய்க்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மான்களும் ஒரு சிறுவனும் பலியாயினர். 1941க்குப் பிறகு அங்கே அந்நோய் தலைகாட்டாததால், 2007இலேயே தடுப்பூசியை நிறுத்தியிருந்தார்கள்.

செய்யக்கூடியவை இல்லாமல் இல்லை. மந்தை இருக்கும் இடத்துக்கே செல்லும் நடமாடும் அறுப்புக்கூடங்கள் இருந்தால், மான்கள் மெலிந்து சாவதற்கு முன் இறைச்சியையாவது காப்பாற்றலாம். கடற்பனி எந்த அளவு விலகியிருக்கிறது என்ற செய்தி அக்டோபரிலேயே கூடாரங்களை எட்டினால், எத்தனை மான்களை அறுப்பது, மீதியை எந்தப் பக்கம் ஓட்டுவது என்று முடிவெடுக்க மேய்ப்பர்களுக்குச் சில வாரங்களாவது கிடைக்கும்.