டார்வினின் மழைக்கால ஃபுட்டி லீக்: களத்தில் யாருக்கு இடம்?

வணக்கம். இந்தக் காணொளியில் ஆஸ்திரேலியாவின் வடக்கு முனையில் உள்ள டார்வின் நகரத்தின் கால்பந்து லீக்கைப் பற்றிப் பேசவிருக்கிறேன். கால்பந்து என்றதும் நீங்கள் உலகக் கோப்பையை நினைக்க வேண்டாம். ஆஸ்திரேலியர்கள் ஃபுட்டி என்று அழைக்கும், மெல்போர்ன் நகரில் 1850களின் இறுதியில் உருவான ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தையே சொல்கிறேன். இந்த ஆட்டத்தின் தேசிய லீக்கான ஏஎஃப்எல் பற்றித் தமிழில் ஓரளவு தகவல் கிடைக்கிறது. ஆனால் அந்தத் தேசிய லீக்கிற்கு மிகச் சிறந்த ஆட்டக்காரர்களை அனுப்பிவைத்த வட்டார லீக்குகளைப் பற்றிப் பேசுவோர் குறைவு. அவற்றுள் என்னை மிகவும் ஈர்த்தது வடக்குப் பிரதேசக் கால்பந்து லீக், அதாவது என்டிஎஃப்எல். அதன் வரலாறு நெடுகிலும் ஒரே கேள்விதான் வெவ்வேறு வடிவில் எழுந்துகொண்டிருக்கிறது என்பது என் எண்ணம்: களத்தில் இறங்க யாருக்கு உரிமை உண்டு?

ஆட்டத்தை அறியாதவர்களுக்காகச் சில வரிகள் சொல்லிவிடுகிறேன். நீள்வட்ட மைதானத்தில், முட்டை வடிவப் பந்தை வைத்து, அணிக்குப் பதினெட்டுப் பேர் ஆடுகிறார்கள். பந்தை உதைக்கலாம், அல்லது ஒரு கையில் தாங்கி மறுகையின் முஷ்டியால் குத்தி அனுப்பலாம், எறியக் கூடாது. இரு முனைகளிலும் நான்கு நான்கு கம்பங்கள் நிற்கும். நடுவில் உள்ள இரண்டு கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்தால் அது கோல், அதற்கு 6 புள்ளிகள்; பக்கத்து இடைவெளியில் போனால் 1 புள்ளி. சக வீரர் தோள்மீது எம்பி ஏறிப் பந்தைப் பிடிக்கும் காட்சியை எங்கேனும் பார்த்திருந்தால், அது இந்த ஆட்டமாகத்தான் இருக்கும்.

டார்வின் லீக்கை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டும் முதல் செய்தி அதன் பருவம். நாட்டின் தென்பகுதியில் ஃபுட்டி குளிர்கால ஆட்டம். இலையுதிர் காலத்தில் தொடங்கி செப்டம்பரில் இறுதிப் போட்டி நடைபெறும். டார்வினிலோ அக்டோபர் முதல் மார்ச் வரை, வெப்பமும் இடியும் பெருமழையும் சூழ்ந்த மாதங்களில் ஆடுகிறார்கள். வறண்ட மாதங்களில் அந்த ஊரின் மண் சுட்ட செங்கல்லைப் போல் இறுகிவிடும் என்பதும், விழுந்து புரண்டு ஆடும் ஆட்டத்திற்கு மழையில் நனைந்த தரைதான் ஏற்றது என்பதும் அதற்குச் சொல்லப்படும் காரணம். இந்த ஏற்பாட்டால் எதிர்பாராத ஒரு நன்மையும் விளைந்தது. தெற்கில் ஓய்வுக் காலம் வரும்போது வடக்கில் ஆட்டம் தொடங்குவதால், ஒரே ஆண்டில் இரு ஊர்களிலும் ஆட முடிகிறது. தெற்கத்திய வீரர்கள் வடக்கே வந்து ஆடித் திரும்பும்போது, அங்கே பார்த்த திறமைசாலிகளைப் பற்றிய பேச்சையும் தெற்கே கொண்டுபோனார்கள்.

லீக் 1916இல் பிறந்தது. அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு, 1911இல்தான் வடக்குப் பிரதேசம் தென் ஆஸ்திரேலியாவின் ஆளுகையிலிருந்து மத்திய அரசின் கைக்கு மாறியிருந்தது. அடிலெய்டிலிருந்து வந்த மக்கள் தங்கள் ஆட்டத்தையும் உடன் கொண்டுவந்திருந்ததில் வியப்பில்லை. வாண்டரர்ஸ், வாரட்டா ஆகிய இரண்டும் அந்தத் தொடக்கக் காலத்திலிருந்து இன்றுவரை ஆடிவரும் கிளப்புகள். விரைவில் வெஸ்டீஸ் என்ற அணி வலுப்பெற்றது. அந்தப் பெயர் பிரிட்டனைச் சேர்ந்த வெஸ்டி சகோதரர்களின் நிறுவனத்துடையது. அவர்கள் புல்லக்கி பாயின்ட் என்ற இடத்தில் 1917இல் திறந்த பெரிய இறைச்சித் தொழிற்சாலை சில ஆண்டுகளே ஓடி, 1920இல் மூடப்பட்டது. அந்தக் குறுகிய காலத்திற்குள் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் வந்து சேர்ந்ததும், 1918 டிசம்பர் 17 அன்று அவர்கள் ஊர்வலமாகச் சென்று ஆட்சியாளர் ஜான் கில்ருத்தின் மாளிகையை முற்றுகையிட்டதும் ஆஸ்திரேலியத் தொழிலாளர் வரலாற்றில் டார்வின் கலகம் என்று பதிவாகியிருக்கின்றன. தொழிற்சாலை நின்ற இடத்தில் இன்று டார்வின் உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. அணி மட்டும் பஃபலோஸ் என்ற பெயரில் தொடர்ந்தது.

அந்நாளைய டார்வின் எப்படிப்பட்ட ஊர் என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். வெள்ளையரல்லாதோர் குடியேறுவதைத் தடுத்த வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கை நாடு முழுவதும் நடைமுறையில் இருந்தபோதும், இந்த ஊர் ஒருபோதும் வெள்ளை ஊராக இருந்ததில்லை. மண்ணுக்குரிய லாரக்கியா மக்கள் இருந்தார்கள். சீன வணிகர்களும் தையற்காரர்களும் இருந்தார்கள். முத்துக்குளிக்க வந்த மலாய், பிலிப்பினோ, ஜப்பானியர்கள் இருந்தார்கள். இவர்களுக்குள் மணந்து பிறந்த பிள்ளைகளும் இருந்தார்கள். 1918ஆம் ஆண்டின் பழங்குடியினர் சட்டம் பழங்குடியினரிலும் அவர்கள் வழிவந்த கலப்பு வம்சாவளியினரிலும் பெரும்பாலோரை அரசின் 'காப்பாளர்' என்ற அதிகாரியின் கட்டுப்பாட்டில் வைத்திருந்தது. எங்கே வசிப்பது, யாரை மணப்பது, எங்கே வேலை செய்வது என எல்லாவற்றையும் அந்த அதிகாரி தீர்மானிக்கலாம். கலப்பு வம்சாவளிப் பிள்ளைகள் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு டார்வினில் இருந்த 'காலின்' என்ற முகாமில் அடைக்கப்பட்டார்கள்.

ஆனால் பந்து வந்தால் காலுக்குச் சட்டம் தெரியாதே. வெஸ்டீஸ் அணியில் ரூபன் கூப்பர் என்ற இளைஞர் ஆடினார். மெல்வில் தீவில் எருமை வேட்டையாடிப் புகழ்பெற்ற ஜோ கூப்பர் என்ற வெள்ளையருக்கும் பழங்குடிப் பெண்ணுக்கும் பிறந்த அவர், அந்தத் தலைமுறையில் டார்வின் கண்ட தலைசிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர் என்று நினைவுகூரப்படுகிறார். அவரைப் போன்றவர்கள் ஒவ்வொருவராகக் களத்திற்கு வந்தபோது ரசிகர்கள் மகிழ்ந்தார்கள். லீக்கை நடத்தியவர்களில் ஒரு பகுதியினர் மகிழவில்லை. 1920களின் நடுப்பகுதியில் வெள்ளையரல்லாத வீரர்களுக்கு லீக் தடை விதித்தது. ஊரின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் பலரை வேலிக்கு வெளியே நிறுத்திவிட்டு நடத்தப்படும் போட்டிக்கு என்ன மதிப்பு இருக்கும்? சிறிய ஊரில் அப்படி ஒரு லீக்கை நெடுநாள் நடத்த இயலவில்லை. சில பருவங்களுக்குப் பிறகு தடை நீங்கியது. தடையை நீக்கியவர்களுக்கு மனம் மாறிவிட்டது என்று நான் நம்பவில்லை. ஆள் பற்றாக்குறையும் ஆட்டத்தின் தரக்குறைவும் அவர்களைப் பணியவைத்திருக்க வேண்டும் என்றே கருதுகிறேன். காரணம் எதுவாயினும், அதன்பின் டார்வின் ஃபுட்டியை நிறம் பார்த்துப் பிரிப்பது யாராலும் இயலாத காரியமாயிற்று.

போர்க்காலத்தைச் சுருக்கமாகக் கடந்துவிடுகிறேன். 1942 பிப்ரவரி 19 அன்று ஜப்பானிய விமானங்கள் டார்வினைத் தாக்கின. பொதுமக்கள் தெற்கே அனுப்பப்பட்டு, ஊர் ராணுவத்தின் கைக்குச் சென்றது. லீக் நின்றுபோய், போர் முடிந்த பின்னரே மீண்டும் உயிர்பெற்றது.

அடுத்து வருவதுதான் எனக்கு இந்த வரலாற்றின் மையப்பகுதி. டார்வினுக்கு வடக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் பாதர்ஸ்ட், மெல்வில் என்ற இரண்டு தீவுகள் உள்ளன. இரண்டையும் சேர்த்துத் திவி தீவுகள் என்பார்கள். பாதர்ஸ்ட் தீவின் கத்தோலிக்க மிஷனில் பணியாற்றிய ஜான் பை என்ற துறவி 1941இல் அங்கு ஃபுட்டியை அறிமுகப்படுத்தினார். வெறுங்காலுடன், வளைந்து நெளிந்து, பந்து தரையில் விழும் முன்பே அடுத்தவரிடம் தட்டிவிடும் ஒரு புதிய பாணியைத் திவி இளைஞர்கள் வளர்த்தெடுத்தார்கள். போருக்குப் பின் அவர்களில் பலர் டார்வினின் ராணுவ, விமானப்படை முகாம்களில் கூலி வேலைக்கு வந்தபோது, அவர்கள் ஆடுவதற்கென்று ஓர் அணி இல்லை. அந்தக் குறையைப் போக்க 1952இல் தொடங்கப்பட்டதுதான் செயின்ட் மேரிஸ் கிளப். தொடங்கியவர்களில் ஒருவர் டெட் ஈகன். அப்போது இருபது வயது இளைஞரான அவர், பிற்காலத்தில் பாடகராகப் புகழ்பெற்று, 2003 முதல் 2007 வரை வடக்குப் பிரதேசத்தின் ஆட்சியாளராகவும் இருந்தார். கில்ருத் அமர்ந்திருந்த அதே பதவி என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பச்சையும் பொன்னிறமும் அணிந்த செயின்ட் மேரிஸ் 1954–55 பருவத்தில் முதல் முறையாகப் பட்டம் வென்றது. இன்று அந்த லீக்கில் மிக அதிகமான பட்டங்களை வைத்திருப்பதும் அதே கிளப்தான். இடமில்லாதவர்களுக்காகத் தொடங்கிய அணி பத்து ஆண்டுகளுக்குள் தெற்கத்திய கிளப்புகளின் கண்ணில் பட்டுவிட்டது. செயின்ட் மேரிஸில் ஆடிய டேவிட் கான்டில்லா என்ற நெடிய உருவம் கொண்ட திவி வீரர் 1961இல் சவுத் அடிலெய்டுக்காகக் களமிறங்கி, முதல் இரண்டு ஆண்டுகளிலுமே அந்தக் கிளப்பின் சிறந்த வீரர் விருதைப் பெற்றார். 1963இல் கடைசி இடத்தில் முடித்த சவுத் அடிலெய்டு, மறு ஆண்டே பட்டம் வென்றபோது அவரும் அணியில் இருந்தார். அதே காலத்தில் பஃபலோஸின் பில் டெம்ப்சி பெர்த் நகருக்குச் சென்றார். குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்ட பிள்ளைகளை வைத்திருந்த டார்வினின் ரெட்டா டிக்ஸன் இல்லத்தில் வளர்ந்த அவர், வெஸ்ட் பெர்த்துக்காக 300க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடினார். 1969 இறுதிப் போட்டியின் சிறந்த வீரருக்கான சிம்ப்சன் பதக்கமும் அவருடையது.

பிறகு மாரிஸ் ரியோலி வந்தார். மெல்வில் தீவில் பிறந்து, செயின்ட் மேரிஸில் ஆடி, பெர்த் வழியாக 1982இல் மெல்போர்னின் ரிச்மண்ட் கிளப்புக்குச் சென்ற முதல் ஆண்டிலேயே இறுதிப் போட்டி. ரிச்மண்ட் கார்ல்டனிடம் தோற்றது. ஆனால் ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கம் ரியோலிக்குக் கிடைத்தது. தோற்ற அணியிலிருந்து அதைப் பெற்ற முதல் வீரர் அவரே. தோற்றும் அந்தப் பதக்கத்தைப் பெற்றவர்கள் இதுவரை நால்வர் மட்டுமே. அவர்களில் 2002இல் பெற்ற நேதன் பக்லியும் இளமையில் டார்வின் லீக்கில் ஆடியவர். வென்ற அணியில் ஆடி அதே பதக்கத்தைப் பெற்றவர்களும் உண்டு: 1993இல் மைக்கேல் லாங், 1997இலும் 1998இலும் பஃபலோஸில் வளர்ந்த ஆண்ட்ரூ மெக்லியோட், 2015இல் மாரிஸ் ரியோலிக்கும் லாங்குக்கும் ஒருசேர நெருங்கிய உறவினரான சிரில் ரியோலி. இத்தனை பேரும் ஒரு மழைக்கால லீக்கின் வழியே சென்றவர்கள் என்பதை நினைக்கையில் மலைப்பாக இருக்கிறது.

மைக்கேல் லாங்கைப் பற்றி இன்னும் சற்றுச் சொல்ல வேண்டும். அவருடைய தாய், தந்தை இருவருமே சிறுவயதில் குடும்பத்திலிருந்து அரசால் பறிக்கப்பட்டவர்கள். எசெண்டன் கிளப்பில் ஆடிக்கொண்டிருந்த லாங், 1995இல் எதிரணி வீரர் ஒருவர் தம்மை நிறத்தைச் சொல்லி இழிவுபடுத்தியபோது, அதை வழக்கம்போல் விழுங்கிக்கொள்ள மறுத்துப் புகார் செய்தார். அந்த ஆண்டிலேயே ஏஎஃப்எல் இன இழிவுக்கு எதிரான விதியைக் கொண்டுவந்தது. டார்வின் லீக் நிறத்தின் பெயரால் தடை போட்ட எழுபது ஆண்டுகளுக்குள், அதே லீக்கில் வளர்ந்த ஒருவரின் பிடிவாதத்தால் தேசிய லீக்கின் சட்டப் புத்தகம் திருத்தப்பட்டது.

புயலையும் சொல்லிவிடுகிறேன். 1974ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் இரவில், பருவத்தின் நடுவில், ட்ரேசி புயல் டார்வினைத் தரைமட்டமாக்கியது. மக்களில் பெரும்பாலோர் விமானங்களில் வெளியேற்றப்பட்டார்கள். அதன் பின் ஊர் புதிதாகக் கட்டப்பட்டபோது புறநகர்கள் விரிந்தன. கார்டன்ஸ் ஓவலில் நடந்துவந்த பெரிய ஆட்டங்கள் 1991இல் திறக்கப்பட்ட மராரா மைதானத்திற்கு மாறின. 2004இல் அங்கு ஏஎஃப்எல் பருவத்தின் அதிகாரபூர்வ ஆட்டமும் நடைபெற்றது.

திவி மக்கள் 1969 முதல் தங்கள் தீவுகளிலேயே தனி லீக் நடத்திவந்தாலும், டார்வினுக்கு வந்தால் பிறர் அணிகளில்தான் ஆட வேண்டியிருந்தது. செயின்ட் மேரிஸ் அவர்களுக்காகவே பிறந்தது என்றாலும் அது டார்வின் கிளப்தான். 2006–07 பருவத்தில் திவி பாம்பர்ஸ் என்ற பெயரில் தீவுகளின் சொந்த அணி என்டிஎஃப்எல்லில் நுழைந்தது. விமானத்திலோ படகிலோ கடல் கடந்து வந்து ஆடும் அணியால் தாக்குப்பிடிக்க இயலாது என்று சொன்னவர்கள் இருந்தார்கள். 2011–12 பருவத்தில் அந்த அணி பட்டத்தை வென்று தீவுக்கு எடுத்துச் சென்றது.

பெண்கள் போட்டியும் இப்போது இந்த லீக்கின் முக்கியப் பகுதி. 2013–14 பருவத்தில் வாரட்டா அணியின் ஆபி ஹோம்ஸ் ஒரே பருவத்தில் நூறு கோல்கள் அடித்தார். பெரியவர்களுக்கான போட்டிகளில் அதைச் செய்த முதல் பெண் அவர். தேசிய மகளிர் லீக் 2017இல் தொடங்கியபோது, அடிலெய்டு அணி வடக்குப் பிரதேசத்தோடு கைகோத்து ஆடி முதல் பட்டத்தை வென்றது. ஹோம்ஸும் அந்த அணியில் இருந்தார்.

உங்களில் யாரேனும் அக்டோபர் முதல் மார்ச் வரையிலான மாதங்களில் டார்வின் பக்கம் சென்றால், மராராவில் ஓர் ஆட்டத்தையாவது பாருங்கள். மார்ச்சில் செல்ல முடிந்தால் திவி தீவுகளின் சொந்த லீக் இறுதிப் போட்டியையும் பார்க்கலாம். அன்றே அங்கு தீவுக் கலைஞர்களின் படைப்புகளும் விற்பனைக்கு வைக்கப்படும். படகு, விமான இடங்களை வெகு முன்பே பதிவுசெய்து கொள்ளுங்கள்.