பாட்டு இருந்தது, வழி திறக்கவில்லை

நடுவர் அய்யா அவர்களே, எதிரணித் தலைவர் அவர்களே, பாடலீஸ்வரர் கோயில் சன்னதித் தெருவில் இந்தப் புழுக்கத்திலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் திருப்பாப்புலியூர் மக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

சமுதாயத்தைப் பெரிதும் மாற்றியது சமய மறுமலர்ச்சியா, அறிவு இயக்கங்களா? அறிவு இயக்கங்களே என்று பேச வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் அய்யா அப்பரில் தொடங்கி வள்ளலாரில் முடித்தார். நீங்கள் கைதட்டினீர்கள், நானும் தட்டினேன். கடலூர் மாவட்டத்து மண்ணில் நின்றுகொண்டு அந்த இருவரையும் குறைத்துப் பேச எனக்கு நா எழாது. அவர்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு நாம் என்ன செய்தோம் என்பதைத்தான் பேசப் போகிறேன்.

கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர் கரையேறிய இடம் என்று கரையேறவிட்டகுப்பத்தை இன்றைக்கும் காட்டுகிறோம். அந்த அப்பர்தான் ஏழாம் நூற்றாண்டில் கேட்டார்: "சாத்திரம் பல பேசும் சழக்கர்காள், கோத்திரமும் குலமும் கொண்டு என் செய்வீர்?" இதைவிடக் கூர்மையாக யாராவது கேட்டுவிட முடியுமா? ஆனால் அய்யா, அதைப் பண்ணோடு பாடினோம், திருமுறையில் வைத்துப் போற்றினோம். பாடிய அதே ஊர்களில் சேரிக்காரரைக் கோயில் வாசலில் நிறுத்தியும் வைத்தோம். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை. ஆயிரம் ஆண்டுக்கு மேல்.

நந்தனார் கதையும் அப்படித்தான். தில்லையில் தீயில் மூழ்கி எழுந்த பிறகே அவர் உள்ளே போனார் என்கிறது பெரியபுராணம். பன்னிரண்டாம் நூற்றாண்டிலிருந்து கண் கலங்கக் கேட்டுவருகிறோம். நந்தனாரை நாயன்மார் வரிசையில் வைத்துக் கும்பிட்டோம், அவருடைய சனங்களை வெளியே நிறுத்தினோம். அவர்கள் தீக்குளிக்காமல் உள்ளே போவதற்குச் சென்னை மாகாணத்தில் 1947-ல் ஆலயப் பிரவேசச் சட்டம் வர வேண்டியிருந்தது. கோயிலுக்குள் போவது அருள் இல்லை, உரிமை என்று கேட்டுக் கேட்டு ஓயாதவர்கள் இருந்ததால் வந்த சட்டம் அது.

சரி, பழைய கதையை விடுவோம். சிதம்பரத்தில் நம் காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். சிவனடியார் ஆறுமுகசாமி என்ற முதியவர், நடராசர் சன்னதி முன்னே இருக்கும் சிற்றம்பல மேடையில் ஏறி நின்று தேவாரம் பாட வேண்டும் என்றார். கேட்டது அவ்வளவுதான். அப்பரும் சம்பந்தரும் சுந்தரரும் பாடிப் பரவிய தலம், அவர்கள் பாடிய அதே தமிழ். ஆனாலும் கோயில் தீட்சிதர்கள் தடுத்தார்கள். பெரியவர் விடவில்லை, ஆண்டுக்கணக்கில் நின்றார். தமிழ் உரிமை பேசியவர்கள், வழக்கறிஞர்கள், கடவுள் நம்பிக்கையே இல்லாதவர்கள் எல்லோரும் அவர் பக்கம் சேர்ந்தார்கள். கடைசியில் 2008-ல் அரசாணை வந்தது. போலீஸ் காவலோடு அந்த மேடையில் தேவாரம் ஒலித்தது.

எதிரணியில் ஒரு தங்கை தலையசைக்கிறார். "ஆறுமுகசாமி பக்தர்தானே?" என்று கேட்பார். ஆமாம்மா, பழுத்த பக்தர். மேடை ஏற வேண்டும் என்ற ஆசையை அவருக்குக் கொடுத்தது பக்திதான், மறுக்கவில்லை. படியில் ஏற வழிவிட்டது எது? "எந்தச் சட்டத்தின்படி தடுக்கிறாய்?" என்ற கேள்வி. அப்பர் பாட்டை அப்பர் போற்றிய ஊரில் பாடவே அரசாணை தேவைப்பட்டது என்றால், பக்தி இயக்கம் தன்னந்தனியாகச் சமுதாயத்தை எவ்வளவு தூரம் மாற்றியிருக்கிறது என்று நடுவர் அய்யாதான் சொல்ல வேண்டும்.

அடுத்து வடலூர். 1867 மே 23-ல் வள்ளலார் மூட்டிய அடுப்பு தருமச்சாலையில் இன்றும் அணையாமல் எரிகிறது. பசி என்று போய் உட்கார்ந்தால் சாதி கேட்க மாட்டார்கள், ஊர் கேட்க மாட்டார்கள், இலை போட்டுச் சோறு வைப்பார்கள். அதைவிடப் பெரிய காரியம் இந்த மாவட்டத்தில் நடந்ததாக நான் நினைக்கவில்லை. ஆனால் வள்ளலாரை எதிரணி தங்களுக்கு மட்டும் எழுதி வாங்கிக்கொள்ளக் கூடாது. "சாதியும் மதமும் சமயமும் பொய்" என்று அருட்பெருஞ்சோதி அகவலில் பாடியவர் அவர். "கண்மூடி வழக்கம் எலாம் மண்மூடிப் போக" என்று பாடியவர். கண்ணைத் திறந்து கேள்வி கேள் என்பது யார் கட்சி, அய்யா?

அவரை எதிர்த்தது யார் என்பதையும் பாருங்கள். வள்ளலார் பாடல்கள் அருளால் வந்த அருட்பாவா, மயக்கத்தில் வந்த மருட்பாவா என்ற சண்டை 1869-ல் நம் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது. வழக்குப் போட்டவர் ஆறுமுக நாவலர். அவர் சாதாரணமானவரா? பள்ளிக்கூடம் வைத்தார், அச்சுக்கூடம் வைத்தார், சைவ நூல்களை ஊர் ஊராகக் கொண்டுசேர்த்தார். சைவ மறுமலர்ச்சி என்றாலே முதலில் சொல்லப்படும் பெயர் அவருடையது. அதே நாவலர் பழைய ஆசாரத்தைக் காக்க நின்றார், வள்ளலார் அதை உடைக்க நின்றார். இரண்டும் சமய மறுமலர்ச்சிதான்! ஒன்று முன்னே இழுக்கிறது, ஒன்று பின்னே இழுக்கிறது. எது நியாயம் என்று எதை வைத்து முடிவு செய்வீர்கள்? பதிகத்தை வைத்தா? இருவரும் பதிகம் சொல்வார்கள். அறிவை வைத்துத்தான் முடிவு செய்தாக வேண்டும்.

புதுச்சேரியிலிருந்து வந்த எதிரணி நண்பர், பாரதியார் அங்கே தாழ்த்தப்பட்ட சாதியில் பிறந்த கனகலிங்கத்துக்குப் பூணூல் போட்டதைச் சொன்னார். நல்ல செயல், அந்தக் காலத்தில் அதற்குப் பெரிய துணிச்சல் வேண்டும். அதே புதுச்சேரியில் இன்னொன்றும் நடந்தது. 1936 ஜூலை 30, பஞ்சாலைத் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு, 12 பேர் செத்தார்கள். அவர்கள் கேட்டது சங்கம் வைக்கும் உரிமை, எட்டு மணி நேர வேலை. விடிவதற்கு முன் ஆலைக்குள் போய் இருட்டிய பின் வெளியே வந்தவர்களுக்கு, "இது உன் விதியில்லை, முதலாளி போட்ட கணக்கு" என்று சொல்லிக்கொடுத்தது கம்யூனிஸ்ட் தலைவர் வ. சுப்பையா போன்றவர்கள் கட்டிய இயக்கம். அடுத்த ஆண்டே எட்டு மணி நேர வேலை அங்கே சட்டமானது.

"மனம் மாறாமல் சட்டம் போட்டு என்ன பயன்?" என்று எதிரணி கேட்டது. அவர்கள் பேச்சிலேயே வலுவான இடம் அதுதான். நியாயமான கேள்வி, அதனால் பதில் சொல்லிவிட்டுப் போகிறேன். முதலில் மனம். 1944-ல் இதே கடலூரில் பெரியார் மீது செருப்பு வீசினார்கள். அதே ஊர் 1972-ல் அவருக்குச் சிலை வைத்தது. நடுவில் 28 ஆண்டுதான். கூட்டம் போட்டு, பத்திரிகை நடத்தி, டீக்கடையில் வாதாடி மாற்றிய மனம் அது.

அப்புறம் சட்டம். 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 60 ஆண்டு கழித்து, 1989-ல், தமிழ்நாட்டில் அது சட்டமானது. அதற்காக அண்ணன் தம்பிகள் மனம் மாறிவிட்டதா? எல்லா வீட்டிலும் மாறவில்லை. "உனக்குத்தான் சீர் செஞ்சாச்சே" என்ற பேச்சு இன்றும் இருக்கிறது. ஆனால் பத்திர ஆபீஸ் வாசலில் ஒரு நாள் நின்று பாருங்கள். அப்பா நிலத்தை விற்க வரும் அண்ணன், வெளியூரில் வாழ்க்கைப்பட்ட தங்கைக்குப் போன் போட்டு வரச் சொல்லியிருப்பார். விடுதலைப் பத்திரத்தில் அவள் கையெழுத்து வேண்டும். பஸ்ஸை விட்டு இறங்கியதும் டீ வாங்கிக் கொடுப்பார், பிள்ளைகள் படிப்பை விசாரிப்பார். அவள் பேனாவைக் கையில் வாங்கி, "எவ்வளவுக்கு விலை பேசியிருக்கே அண்ணா?" என்று கேட்பாள். அவர் பதில் சொல்லியே ஆக வேண்டும். அவள் பாட்டிக்கு இந்தக் கேள்வி கேட்க வாய் இருந்தது, இடம் இல்லை.

நடுவர் அய்யா, அறிவு இயக்கங்களுக்கே தீர்ப்புத் தாருங்கள். வணக்கம்.