தூரிகை பிடிக்கப் பழகும் கணினி

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு வரி எழுதிக் கொடுத்தால் சில நொடிகளில் முழுப் படத்தையும் தந்துவிடும் செயலிகளை இன்று பலரும் பயன்படுத்துகிறோம். பெரும்பாலான செயலிகளில் அந்தப் படம் உருவாகும் விதம் விநோதமானது. முதலில் பரப்பு முழுக்க அர்த்தமில்லாத புள்ளிகள். அப்புறம் எல்லா மூலைகளும் ஒரே சமயத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்து படமாகின்றன. அதில் எதை முதலில் வரைவது, எதைப் பிறகு வரைவது என்ற கேள்விக்கே இடமில்லை. நான் இன்று பேசப்போவது வேறு ஒரு வகையைப் பற்றி: ஓவியர் செய்வதுபோல ஒரு தீற்றல், அதன்மேல் இன்னொரு தீற்றல் என்று கணினியை வரையவைப்பது. இது மெதுவான வழிதான். ஆனால் ஒவ்வொரு தீற்றலிலும் ஒரு முடிவு இருக்கிறது. எங்கே வைப்பது, என்ன நிறம், எவ்வளவு தடிமன், எப்போது நிறுத்துவது? இந்த முடிவுகளில் எதை இயந்திரத்திடம் ஒப்படைத்தார்கள் என்று பார்த்துக்கொண்டே போனால் இந்தத் துறையின் வரலாறு புரிந்துவிடும்.

1990ஆம் ஆண்டு பால் ஹேபர்லி என்ற கணினி வரைகலை ஆய்வாளர் ஒரு எளிய நிரல் செய்தார். வெற்றுத் திரையில் நீங்கள் மவுஸை நகர்த்துவீர்கள். கண்ணுக்குத் தெரியாமல் அடியில் ஒரு புகைப்படம் இருக்கும். கை போகிற இடத்தில் புகைப்படத்தின் நிறம் என்னவோ அந்த நிறத்தில் தீற்றல் விழும். இடம் உங்களுடையது, நிறம் மட்டும் கணினியுடையது. ஓவியம் பழகாதவரும் பிரெஞ்சு ஓவியர் மோனேயின் பாணியில் ஒரு தோட்டம் வரைந்துவிடலாம்.

எட்டு ஆண்டுகள் கழித்து ஏரன் ஹெர்ட்ஸ்மன் என்ற ஆய்வாளர் அந்தக் கையின் வேலையையும் கணினியிடமே கொடுத்துவிட்டார். அவருடைய முறையில் கணினி முதலில் பெரிய தூரிகையை எடுக்கிறது. புகைப்படத்தை நன்றாக மங்கலாக்கி, அந்த மங்கலைப் பார்த்து வரைகிறது. வானம், தரை, மரம் எல்லாம் வெறும் நிறத் திட்டுகளாக வந்துவிடும். அடுத்து சிறிய தூரிகை, குறைந்த மங்கல். இப்போது எல்லா இடத்தையும் தொடுவதில்லை. கேன்வாஸும் புகைப்படமும் எங்கே அதிகம் வேறுபடுகின்றனவோ அங்கே மட்டும் மேற்பூச்சு. பிறகு இன்னும் சிறிய தூரிகை. தீற்றல் நேர்கோடாகவும் இருக்காது. உருவத்தின் விளிம்பு எந்தப் பக்கம் வளைகிறதோ அந்தப் பக்கமே வளைந்து போகும், நிறம் பொருந்தாத இடம் வந்ததும் நின்றுவிடும். இத்தனைக்கும் கணினி எங்கும் எதையும் கற்கவில்லை. எல்லாம் ஹெர்ட்ஸ்மன் எழுதி வைத்த விதிகள். ஆனாலும் அந்தப் படங்கள் இன்றும் பார்க்க அழகாக இருக்கின்றன. பிறகு வந்த பல ஆடம்பர முறைகளைவிட எனக்கு இதுதான் பிடிக்கும்.

கற்றுக்கொடுப்பது என்று வந்தபோது ஒரு முட்டுக்கட்டை. வரையும் மென்பொருள் தீற்றலைப் போட்டுக் காட்டும், அவ்வளவுதான். அந்தத் தீற்றலை எந்தப் பக்கம் நகர்த்தியிருந்தால் படம் மேம்பட்டிருக்கும் என்று அதனால் சொல்ல முடியாது. “தப்பு” என்று மட்டும் சொல்கிற வாத்தியாரிடம் படிப்பது எவ்வளவு சிரமம்! “இடப்பக்கம் கொஞ்சம் தள்ளு” என்று சொல்கிறவர் வேண்டும். 2019இல் ஹுவாங் சேவெய் என்பவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு வழி காட்டியது. வரையும் மென்பொருளைப் போலவே நடந்துகொள்ளும் ஒரு நியூரல் நெட்வொர்க்கை, அதாவது உதாரணங்களைப் பார்த்துக் கற்கும் ஒரு நிரலை, முதலில் பயிற்றுவித்தார்கள். அது போலி மென்பொருள்தான், ஆனால் எந்தப் பக்கம் திருத்த வேண்டும் என்பதை அதன் வழியாகப் பின்னோக்கி, தீற்றல் வரை அனுப்ப முடியும். அங்கே ஒரு தீற்றல் என்பது 13 எண்கள்: வளைவைத் தீர்மானிக்கும் மூன்று புள்ளிகளுக்கு ஆறு, இரு முனைகளின் தடிமனுக்கு இரண்டு, அவற்றின் ஒளிபுகும் தன்மைக்கு இரண்டு, நிறத்துக்கு மூன்று. ஒரு சுற்றுக்கு ஐந்து தீற்றல்கள் போட்டு, மூலப் படத்தை எவ்வளவு நெருங்கினோம் என்பதைப் பொறுத்துப் பரிசு பெறுகிறது கணினி. பெரிய தீற்றலில் தொடங்கிச் சிறியதில் முடிப்பதை அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை. பரிசைத் தேடிப்போய் அதுவாகவே அங்கே வந்து சேர்ந்தது.

சரி, வரைவது என்னவென்று அதற்குத் தெரியுமா? தெரியாது. கன்னமும் பின்னால் இருக்கிற சுவரும் அதற்கு ஒன்றுதான், இரண்டுமே மூலப் படத்திலிருந்து எவ்வளவு வேறுபடுகிறோம் என்ற கணக்கு. சுவரில் கட்டம்போட்ட திரை தொங்கினால் கண்ணுக்குச் செலவிட வேண்டிய தீற்றல்களை அந்தக் கட்டங்களுக்குக் கொட்டிவிடும். முகத்துக்குக் கூடுதல் மதிப்பு கொடு என்று நாம்தான் தனியாகச் சொல்லித்தர வேண்டும். தீற்றலை எங்கே வைப்பது என்பது பெருமளவு தீர்ந்த பிரச்சினை. எதை விட்டுவிடுவது என்பது தீரவில்லை.

கணினிக்குப் படத்தைக் கொடுக்காமல் பேனா நகர்வுகளையே கொடுத்தால் வேறு கதை. கூகுளின் ‘குயிக், டிரா’ விளையாட்டில் மக்கள் கிறுக்கிய படங்களில் 5 கோடியை, 345 தலைப்புகளில் பிரித்து வெளியிட்டார்கள். பேனா எவ்வளவு நகர்ந்தது, எப்போது தூக்கப்பட்டது என்பதுகூட அதில் பதிவாகியிருக்கும். கூகுள் ஆய்வாளர்கள் டேவிட் ஹாவும் டக்ளஸ் எக்கும் 2017இல் அவற்றைக் கொண்டு ஒரு நெட்வொர்க்கைப் பயிற்றுவித்தார்கள். பூனை மட்டுமே பழகிய அதனிடம் மூன்று கண் பூனையைக் காட்டினால், திரும்பி வரைகிற பூனைக்கு இரண்டு கண்தான்! பல் துலக்கும் பிரஷைக் காட்டினால் அந்த பிரஷின் சாயலில் ஒரு பூனை வரும். அச்சாக நகலெடுப்பதில் அது தோற்றது. பூனை என்றால் என்ன என்பதில் ஏதோ கொஞ்சம் பிடிபட்டிருக்கிறது.

கோடுகள் வரைவதை விதியாக எழுதும் எண்ணம் புதிதல்ல. ஓவியரான ஹெரால்ட் கோஹன் 1970களில் தொடங்கி 2016இல் இறக்கும்வரை ‘ஆரன்’ என்ற நிரலை வளர்த்துக்கொண்டே இருந்தார். அது எந்தப் புகைப்படத்தையும் பார்த்து வரையவில்லை. அதே 1970களில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் மூவரும் கோலத்தின் அமைப்பைக் கணினி இலக்கணமாக, அதாவது கணினி பின்பற்றக்கூடிய விதிகளாக, எழுதிக் காட்டினார்கள். தாம்பரத்தில் இருக்கும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியோடு பிணைந்த ஆய்வு அது. நம்மவர்களுக்கே அதிகம் தெரியாமல் போனது வருத்தம்தான்.

திரையை விட்டு நிஜ வண்ணத்துக்கு வந்தால் புதுச் சிக்கல்கள். தூரிகையில் வண்ணம் தீரும், ஈரத்தில் ஈரம் கலக்கும், நினைத்த தடிமனில் கோடு விழாது. ஜெர்மனியில் கான்ஸ்டான்ஸ் பல்கலைக்கழகத்தின் ‘இ-டேவிட்’ என்ற ரோபோ கை, தான் வரைந்ததை கேமராவில் பார்த்து, அடுத்த தீற்றலைக் கணக்குப் போடுகிறது. அமெரிக்காவில் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் ‘ஃப்ரீடா’ ரோபோவும் அப்படித்தான், நடுநடுவே நின்று பார்த்துத் திட்டத்தை மாற்றிக்கொள்ளும்.

கல்லூரி மாணவர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் ஹெர்ட்ஸ்மனின் முறையிலிருந்து தொடங்குங்கள். பைத்தான் என்ற நிரல்மொழி கொஞ்சம் தெரிந்தால் போதும், விலை உயர்ந்த கணினி வேண்டாம். தூரிகை ஆரம் 8, 4, 2 பிக்சல் என்று வைத்து, வீட்டில் இருக்கிற ஏதாவது புகைப்படத்தில் ஓட்டிப் பாருங்கள். கடைசித் தூரிகையை எடுத்துவிட்டும் ஒருமுறை ஓட்டுங்கள். இரண்டு படங்களையும் அருகருகே வைத்து, எது பிடிக்கிறது என்று வீட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.