சளியோடு கடலுக்குள் இறங்கலாமா?

நேயர்களுக்கு வணக்கம். முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் மூழ்கிப் பார்க்கும் ஸ்கூபாவுக்குக் கிளம்புகிறவர்களுக்காகப் பேசுகிறேன். கொடைக்கானல் பஸ்ஸில் வத்தலக்குண்டுக்கு இறங்கும்போது காது கும்மென்று அடைக்கும், எச்சில் விழுங்கினால் விட்டுவிடும், இல்லையா? அந்த மலை முழுக்க இறங்குவதால் காதில் கூடுகிற அழுத்தம், கடலில் 2 மீட்டர் இறங்கினாலே வந்துவிடும். 10 மீட்டரில் அழுத்தம் தரையில் இருப்பதுபோல் இரண்டு மடங்கு. மலையிறங்க மணிக்கணக்கு ஆகிறது. கடலில் சில நொடிதான்.

நான் காது மூக்கு தொண்டை மருத்துவன். இதய மருத்துவரை அழைத்திருந்தால் இதயத்திலிருந்து தொடங்கியிருப்பார், எனக்கு மூக்கு!

மூக்கின் பின்புறத்திலிருந்து நடுக்காதுக்கு ஒரு சின்னக் குழாய் போகிறது. சளி பிடித்தால் அது வீங்கி அடைத்துக்கொள்ளும். மூக்கைப் பிடித்து ஊதினாலும் காற்று ஏறாது. செவிப்பறை உள்ளே இழுபடும், ரத்தம் கட்டும், கிழிந்தும் போகலாம்.

மதுரைத் தம்பி ஒருவர் ஸ்கூபா போய்விட்டு என்னிடம் வந்தார். முதல் நாளிலிருந்தே சளி. "மாத்திரை போட்டேன் டாக்டர், மூக்கு நல்லாத் திறந்துச்சு" என்றார். திறந்தது சரி, கடலுக்குள் இருக்கும்போதே மருந்தின் வேகம் இறங்கிவிட்டதே! மேலே வரும்போது நடுக்காதில் இருந்த காற்று வெளியேற வழியில்லை. தலை சுற்றியிருக்கிறது. கடலில் இறங்கும் முன் நோய் விவரம் கேட்ட படிவத்தில் என்ன எழுதினீர்கள் என்றேன். "எல்லாத்துக்கும் இல்லைன்னு டிக் அடிச்சேன், இல்லாட்டி விடமாட்டாங்கல்ல?"

சளி என்றால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். மாத்திரை போட்டுக்கொண்டு இறங்காதீர்கள். திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று கோபிக்க வேண்டாம்.

அந்தத் தம்பி மறுநாள் அதிகாலையில் கொடைக்கானல் போகவும் திட்டம் வைத்திருந்தார். கோலி சோடாவில் கோலியைத் தட்டியதும் நுரை பொங்குகிறதே, கடலடியில் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜனும், அழுத்தம் சட்டென்று குறைந்தால் அப்படித்தான் குமிழியாகும். உயரே போகப் போகக் காற்றழுத்தம் குறையுமே, அதனால் விமானம் ஏறுவதற்கு, ஒருமுறை இறங்கியவர்கள் குறைந்தது 12 மணி நேரம், பலமுறை இறங்கியவர்கள் 18 மணி நேரம் பொறுக்கச் சொல்கிறார்கள். 2,100 மீட்டர் உயரத்து மலைக்கும் அந்தக் கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரல் காட்டுகிறார்கள், ஒரு நிமிடமாம். வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வலிப்பு நோய் உள்ளவர்கள், நுரையீரலைச் சுற்றித் தானாகக் காற்றுக் கசிந்து சிகிச்சை பெற்றவர்கள், கர்ப்பிணிகள் இறங்கவே வேண்டாம். ஆஸ்துமா, சர்க்கரை, இதயக் கோளாறு, அண்மையில் அறுவைச் சிகிச்சை என்றால் ஊரிலேயே மருத்துவரைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். தண்ணீருக்குள் மூச்சை அடக்கக் கூடாது என்பதற்கும் காரணம் சொல்ல நினைத்திருந்தேன்... நேரமாகிவிட்டது. வணக்கம்.