12 பேரிடம் சோதித்த மருந்து

நேயர்களுக்கு வணக்கம். மைட்டோகாண்ட்ரியாதான் செல்லுக்குச் சக்தி தருகிறது என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அது பிறவியிலேயே பழுதாக இருந்தால் என்ன ஆகும்?

பார்த் நோய்க்குறி என்று ஒன்று இருக்கிறது. எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணு கெடுவதால் வருவது, அதனால் பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்குத்தான். மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில் கார்டியோலிபின் என்ற கொழுப்பு உண்டு, சக்தி தயாரிக்கும் புரதங்களை ஒழுங்காகப் பிடித்து நிறுத்துவது அதுதான். இந்தப் பிள்ளைகளுக்கு அது சரியாக அமைவதில்லை. இதயம் தளர்கிறது, வெள்ளணு குறைந்து தொற்று வருகிறது, கொஞ்சம் நடந்தாலே கால் சோர்ந்துபோகிறது.

இதற்கு வந்திருப்பதுதான் எலாமிபிரெடைடு, நாலே அமினோ அமிலங்கள் கொண்ட சின்னப் பெப்டைடு. ஹேசல் ஸெட்டோவும் பீட்டர் ஷில்லரும் வலி நிவாரணத்துக்கான பெப்டைடுகளை ஆராயப்போய்க் கிடைத்தது. கார்டியோலிபினில் போய் ஒட்டிக்கொண்டு சவ்வைத் தாங்குகிறது. மரபணுவை அது திருத்தாது, தினமும் தோலுக்கடியில் ஊசி போட வேண்டும்.

சரி, வேலை செய்கிறதா? 12 நோயாளிகளுக்கு மருந்தையும் மருந்தில்லாத ஊசியையும் 12 வாரம் 12 வாரமாக மாற்றிப் போட்டார்கள், ஆறு நிமிட நடையில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. அப்புறம் மருந்தைத் தொடர்ந்தவர்களுக்கு நடையும் முழங்கால் வலுவும் கூடின. ஆனால் வேறு மைட்டோகாண்ட்ரியத் தசை நோயுள்ள 218 பேரிடம் நடந்த பெரிய சோதனை தோற்றது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு 2024 அக்டோபரில் 10 பேர் ஆதரவு, 6 பேர் எதிர்ப்பு என்ற வாக்கில் ஆதரித்தது, 2025 மே மாதம் அமைப்பு மறுத்தது, செப்டம்பரில் முழங்கால் வலுவை வைத்து விரைவு அனுமதி தந்தது, பலனை உறுதிப்படுத்தும் ஆய்வு இன்னும் பாக்கி.

அமெரிக்காவிலேயே சுமார் 150 பேருக்குத்தான் இந்த நோய் என்கிறார்கள், அவர்களிடம் போய் ஆயிரம் பேர் சோதனை கேட்பது நியாயமே இல்லை, அனுமதி தந்தது சரி என்றே நினைக்கிறேன். என்னை உறுத்துவது வேறு. அனுமதி 30 கிலோவும் அதற்கு மேலும் எடையுள்ளவர்களுக்கு மட்டும். இந்த நோயில் உயிர் போகும் அபாயம் மிக அதிகம் கைக்குழந்தைகளுக்கு. அடுத்த ஆய்வு அவர்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.