சர்க்கரை வரி: பிரிட்டன் அரசுகள் சொன்னதும் செய்ததும்

[திரையில்: 330 மில்லி கோலா கேன். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் சர்க்கரை.]

இந்தக் கேனுக்குள் 35 கிராம் சர்க்கரை இருக்கிறது. 2018-இல் தொடங்கியபோது இதற்காக பிரிட்டன் அரசு வாங்கிய தனி வரி சுமார் 8 பென்ஸ். கடையில் வாங்குகிறவர் பெரும்பாலும் அதைக் கவனிக்கவே மாட்டார். ஆனாலும் இந்த 8 பென்ஸ் ஒரு முழுத் தொழிலையும் சமையல் குறிப்பை மாற்றி எழுத வைத்தது. அது ஏன் பலித்தது, அந்தப் பாடத்தை அங்கே ஆண்டவர்கள் ஏன் அடுத்த காரியத்துக்கு எடுத்துப் போகவில்லை, குழந்தைகளுக்கென்று சொன்ன பணம் என்ன ஆனது, இதைத்தான் பார்க்கப் போகிறோம்.

2016 மார்ச் 16. நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் பட்ஜெட் படிக்கிறார். அதற்கு முந்தைய ஆண்டுதான் பிரதமர் டேவிட் கேமரன் தரப்பு சர்க்கரை வரியே வேண்டாம் என்று சொல்லியிருந்தது. திடீரென்று ஆஸ்போர்ன் அதை அறிவிக்கிறார். மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அதுதான் தலைப்பு. அதே பட்ஜெட்டில் மாற்றுத்திறனாளிகளின் உதவித்தொகையைக் குறைக்கும் திட்டமும் இருந்தது. இரண்டே நாளில் அந்தத் துறையின் அமைச்சர் இயன் டங்கன் ஸ்மித் ராஜினாமா செய்தார், குறைப்பும் கைவிடப்பட்டது. நல்ல செய்தியின் நிழலில் எதைத் தள்ளிவிடப் பார்க்கிறார்கள் என்று ஒவ்வொரு பட்ஜெட்டிலும் தேடிப் பார்க்கும் பழக்கம் நமக்கு வேண்டும்.

சரி, வரிக்கு வருவோம்.

[திரையில்: மூன்று பாட்டில்கள். 4.9 கிராம், 7 கிராம், 10 கிராம்.]

இதைக் கட்டுவது பானத்தைத் தயாரிக்கும் அல்லது இறக்குமதி செய்யும் நிறுவனம். 2018 ஏப்ரல் 6-ஆம் தேதி அமலுக்கு வந்தபோது கணக்கு இப்படி: 100 மில்லியில் 8 கிராமோ அதற்கு மேலோ சர்க்கரை இருந்தால் லிட்டருக்கு 24 பென்ஸ். 5 கிராமிலிருந்து 8 கிராமுக்குள் என்றால் 18 பென்ஸ். 5 கிராமுக்குக் கீழே போனால் ஒன்றுமே கிடையாது. அறிவித்த நாளிலிருந்து அமலாகும் நாள் வரை இரண்டு ஆண்டு அவகாசமும் கிடைத்தது.

இந்தப் படிக்கட்டில்தான் சூட்சுமம் இருக்கிறது. சர்க்கரையைக் குறைக்கக் குறைக்க வரியும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும் என்று வைத்திருந்தால் நிறுவனங்கள் மெதுவாக யோசித்திருக்கும். 4.9 கிராமுக்கு இறங்கினால் வரி மொத்தமாகப் போய்விடும் என்றதும் ஆய்வகங்களில் வேலை உடனே ஆரம்பித்துவிட்டது. ரைபீனா, லூகோஸேட் போன்ற பானங்கள் எல்லாம் இறங்கின. ஸ்காட்லாந்துக்காரர்கள் உயிராக நினைக்கும் அயர்ன் புரூவில் 10 கிராமுக்கு மேல் இருந்த சர்க்கரை 5-க்குக் கீழே வந்தது. பழைய சுவை போய்விடுமே என்று ஜனங்கள் பெட்டி பெட்டியாக வாங்கிப் பதுக்கினார்கள். வரி தொடங்கும் நாளுக்கு முன்பே பாதிக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் சர்க்கரையைக் குறைத்துவிட்டன என்று அரசே சொன்னது. 2015-க்கும் 2020-க்கும் இடையில் இந்த வரிக்கு உட்பட்ட பானங்களில் சராசரி சர்க்கரை 46% குறைந்தது.

இப்போது இதன் பக்கத்தில் இன்னொரு எண்ணை வைக்கிறேன். அதே ஆண்டுகளில் பிஸ்கட், கேக், சாக்லேட், தயிர், காலை உணவு சீரியல் போன்றவற்றில் 2020-க்குள் 20% சர்க்கரையைக் குறைக்க வேண்டும் என்று அரசு ஒரு இலக்கு வைத்தது. வரி கிடையாது, அபராதமும் கிடையாது, எல்லாம் நிறுவனங்களின் விருப்பம். கிடைத்த குறைப்பு 3.5%.

ஒரே நாடு, ஒரே காலம். ஒரு பக்கம் 46, மறுபக்கம் 3.5. இதைப் பார்த்த பிறகும் விருப்ப ஒப்பந்தமே போதும் என்று பேசுகிற அமைச்சரை நான் நம்ப மாட்டேன்.

உடல்நலத்தில் என்ன மாறியது? இங்கிலாந்தில் 5 முதல் 9 வயதுக் குழந்தைகள் மருத்துவமனையில் அனுமதிக்கப்படுவதற்குப் பல ஆண்டுகளாக முதல் காரணமே சொத்தைப் பல்தான். மயக்க மருந்து கொடுத்துப் பல்லைப் பிடுங்க வேண்டிய நிலை. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், வரி வந்த பிறகு 18 வயது வரையிலானவர்களிடம் இப்படிப் பல் பிடுங்குவதற்கான அனுமதிகள், வரி வராதிருந்தால் இருந்திருக்கும் அளவைவிட 12% குறைந்திருந்தன. உடல் பருமனில் விஷயம் இவ்வளவு தெளிவாக இல்லை. 10, 11 வயதுச் சிறுமிகளிடம் 8% குறைவு தெரிந்தது. பையன்களிடம் எதுவும் தெரியவில்லை. ஆகவே இந்த வரி பருமனை ஒழித்துவிட்டது என்று யாராவது மேடையில் பேசினால் அது மிகை.

சந்தேகப்பட வேறு காரணங்களும் உண்டு. எடுத்த சர்க்கரைக்குப் பதிலாகப் பல பானங்களில் வந்தது செயற்கை இனிப்பு. உடல் எடையைக் கட்டுப்படுத்தச் செயற்கை இனிப்பை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வழிகாட்டியது. பல்லுக்கு லாபம்தான், ஆனால் கடும் இனிப்பு தேடும் நாக்கு அப்படியே இருக்கிறது. இன்னொரு விஷயத்தை அதிகம் பேர் பேசுவதில்லை. ரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கும்போது லூகோஸேட் குடித்துச் சமாளித்த நீரிழிவு நோயாளிகள், முன்பு குடித்த அளவு இனி போதாது என்று புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. எத்தனை மில்லி குடிக்க வேண்டும் என்ற அறிவுரையையே மருத்துவர்கள் மாற்றினார்கள். பிரிட்டனில் வாழும் நம்மவர்களுக்கு இது நெருக்கமான விஷயம்: தெற்காசியர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், அவர்களுக்கு உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ 23-ஐத் தொட்டாலே கவனிக்கச் சொல்கிறது அந்நாட்டின் மருத்துவ வழிகாட்டுதல். மற்றவர்களுக்கு அந்த எல்லை 25.

[திரையில்: 52 கோடி என்ற எண் 24 கோடியாக மாறுகிறது.]

அடுத்து பணம். எனக்குக் கோபம் வரும் இடம் இதுதான்.

முதல் ஆண்டில் 52 கோடி பவுண்டு வரும், அதைப் பள்ளி விளையாட்டுக்கும் காலை உணவுத் திட்டங்களுக்கும் கொடுப்போம் என்றார் ஆஸ்போர்ன். நிறுவனங்கள் சர்க்கரையைக் குறைத்தன, வந்தது 24 கோடி. வரி தன் வேலையைச் செய்தால் வசூல் விழத்தான் செய்யும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் விழக்கூடிய வசூலை நம்பிக் குழந்தைகளுக்கு வாக்குறுதி கொடுத்தது யார்? பள்ளிகளின் ஆரோக்கிய வசதிகளுக்கென்று சொன்ன 41.5 கோடி, வரி தொடங்கும் முன்பே, 2017-இல், 10 கோடியாகச் சுருங்கியது. மிச்சம் பள்ளிகளின் பொதுச் செலவுக்குப் போனது. பின்னாளில் அந்த வரியே பொதுக் கருவூலத்தில் கலந்துவிட்டது.

இப்போது ஆண்டுக்கு 30 கோடி பவுண்டுக்கு மேல் வருகிறது. 2024 பிப்ரவரியில் பிரிஸ்டல் நகரின் செயின்ட் பால்ஸ் பகுதியில் ஒரு பல் மருத்துவமனை என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவச் சேவையின் நோயாளிகளைச் சேர்க்கிறது என்றதும் நூற்றுக்கணக்கானவர்கள் தெருவில் வரிசை கட்டினார்கள், கூட்டத்தைச் சமாளிக்க போலீஸ் வந்தது. அடுத்த ஆண்டு, 3 முதல் 5 வயதுக் குழந்தைகள் பள்ளியிலும் நர்சரியிலும் பல் தேய்ப்பதற்கான திட்டத்துக்கு லேபர் அரசு ஒதுக்கியது 1.1 கோடி. நல்ல திட்டம்தான். ஆனால் குழந்தைகளின் பல்லைக் காரணம் காட்டி வாங்கும் வரியில் இது எத்தனை சிறிய பங்கு என்று பாருங்கள்.

அப்புறம் போரிஸ் ஜான்சன். 2019-இல் பிரதமராவதற்காகத் தன் கட்சியின் தலைமைப் போட்டியில் நின்றபோது இப்படிப்பட்ட வரிகளை மறுபரிசீலனை செய்வேன் என்றார். 2020 ஏப்ரலில் கோவிட் வந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார். தன் உடல் எடையும் ஒரு காரணம் என்று அவரே பேசினார். அந்த ஜூலையில் கொழுப்பும் சர்க்கரையும் அதிகமுள்ள உணவு விளம்பரங்களை இரவு 9 மணிக்கு முன் டிவியில் தடை செய்வோம் என்று அறிவிப்பு வந்தது. 2023 ஜனவரி என்ற தேதி 2024 ஜனவரி ஆனது, பிறகு 2025 அக்டோபர் ஆனது, கடைசியில் 2026 ஜனவரி 5-இல் வந்து நின்றது. இதற்குள் பிரதமர் நாற்காலியில் நான்காவது ஆள். வந்த சட்டத்திலும், குறிப்பிட்ட உணவைக் காட்டாமல் பிராண்டை மட்டும் காட்டும் விளம்பரத்துக்கு விலக்கு உண்டு. 2021-இல் ஹென்றி டிம்பிள்பி தலைமையிலான தேசிய உணவு அறிக்கை, தயாரிப்பில் சேர்க்கும் சர்க்கரைக்கும் உப்புக்கும் கிலோ கணக்கில் வரி போடச் சொன்னது. ஜான்சன் உடனே ஒதுக்கினார்.

ஏழைகள்தான் இந்த வரியைச் சுமப்பார்கள், அரசு நம்மைக் குழந்தை மாதிரி நடத்துகிறது என்ற வாதத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. கடைசி விலையில் ஏறும் வரிக்கு அது பெரிதும் பொருந்தும். ஆனால் இங்கே வாங்குகிறவருக்கு ஒரு வழி திறந்திருந்தது: அதே அலமாரியில் வரி இல்லாத பாட்டில்கள் நிறைய வந்துவிட்டன. சொத்தைப் பல்லோ ஏழைப் பகுதிகளின் குழந்தைகளைத்தான் அதிகம் தாக்குகிறது.

2025 நவம்பரில் லேபர் அரசு அடுத்த படியை அறிவித்தது. எல்லை 5 கிராமிலிருந்து 4.5 கிராமாக இறங்கும். இதுவரை விலக்கில் இருந்த பாக்கெட் மில்க்‌ஷேக்கும் வரிக்குள் வரும். முதலில் கருத்துக் கேட்டபோது சொன்ன எல்லை 4 கிராம். அரை கிராமை விட்டுக்கொடுத்துவிட்டார்கள். 5-க்குச் சற்றுக் கீழே வந்து நின்ற பானங்கள் நிறைய இருப்பதால் அந்த அரை கிராம் சின்ன விஷயமே இல்லை. அமலாகும் நாள் 2028 ஜனவரி 1. அடுத்த பொதுத்தேர்தல் 2029 ஆகஸ்டுக்குள் நடக்க வேண்டும், விளம்பரத் தடை எத்தனை முறை தள்ளிப்போனது என்பதையும் பார்த்துவிட்டோம். ஒட்டுமொத்தமாக 3.5 சதவீதத்தோடு நின்ற அந்த உணவுகளுக்கு இப்படி ஒரு வரி இன்னும் வரவில்லை.