மகஜரில் ஓர் இலக்கம்

வணக்கம் நேயர்களே.

உற்பத்தியாளர் சங்கங்கள் அரசாங்கத்திடம் தமது கோரிக்கைகளை எவ்வாறு கொண்டுசென்று சாதித்துக்கொள்கின்றன என்பதைப் பற்றிப் பேசுமாறு நிலையத்தார் என்னைக் கேட்டிருந்தார்கள். கொழும்பில் உணவுப்பண்டம் தயாரிப்போரின் சங்கம் ஒன்றில் 28 வருடங்கள் செயலாளராக இருந்தவன் என்ற ஒரே தகுதியோடுதான் ஒலிவாங்கியின் முன் அமர்ந்திருக்கிறேன். நான் ஒரு பண்டத்தையும் தயாரித்ததில்லை. என் தொழில் மகஜர், அதாவது கோரிக்கை மனு, எழுதுவது. நிதியமைச்சுக்கு, கைத்தொழில் அமைச்சுக்கு, சுங்கத் திணைக்களத்துக்கு, வரவு செலவுத் திட்டத்துக்கு முன்னர் ஒன்று, பின்னர் ஒன்று என்று எழுதிக்கொண்டே இருந்தேன்.

முதலாளிமார் அரசாங்கத்தைத் தம் வழிக்குக் கொண்டுவருவது என்றதும், இரவு வேளையில் அமைச்சரின் வீட்டுக்குச் செல்லும் ஒரு வாகனமும் அதில் ஒரு பொதியும்தான் நம்மில் பலருடைய மனக்கண்ணில் தோன்றும். அப்படி நடப்பதே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இத்தனை வருடங்களாக என் கண்முன் நடந்தது அதைவிட அமைதியான காரியம்; நேயர்கள் அதிகம் கவனிக்க வேண்டியதும் அதுவே என்பது என் எண்ணம்.

இந்த வழக்கம் நேற்று வந்ததல்ல. இலங்கை வர்த்தக சம்மேளனம் 1839 இல் தொடங்கியது. தோட்டத்துரைமாரின் சங்கம் 1854 இல் தோன்றியது. மலையகத்துக் கோப்பி மாட்டு வண்டியில் நாட்கணக்காகக் கொழும்புக்கு இறங்கிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், புகையிரதப் பாதை வேண்டும் என்று தோட்டக்காரர்களும் வர்த்தகர்களும் அரசாங்கத்தை விடாமல் நெருக்கினார்கள். 1864 இல் அம்பேபுஸ்ஸ வரையிலும் 1867 இல் கண்டி வரையிலும் வண்டி ஓடியது. நம் நாட்டில் சர்வஜன வாக்குரிமை கிடைத்ததோ 1931 இல். சாதாரண குடிமகனுடைய வாக்குக்கு 92 வருடங்கள் முன்னதாகவே வர்த்தகருடைய மகஜர் அரசாங்கத்தின் மேசையை அடைந்துவிட்டது என்பதை நேயர்கள் ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சரி, அந்த மகஜரில் என்ன கேட்கிறார்கள்? "எங்களைக் காப்பாற்றுங்கள்" என்று பொதுவாக எழுதினால் அது கோப்பிலேயே உறங்கிவிடும். கேட்பது பெரும்பாலும் மிகச் சிறிய விடயமாக, ஒற்றை வசனமாக இருக்கும். நாட்டுக்குள் வரும் ஒவ்வொரு பொருளுக்கும் சுங்கப் புத்தகத்தில் எட்டு இலக்கங்கள் கொண்ட ஓர் எண் உண்டு. முதல் ஆறு இலக்கங்கள் உலகமெங்கும் பொதுவானவை. கடைசி இரண்டும் நாமே வகுத்துக்கொண்டவை. அந்த எண்ணுக்கு நேரே சுங்கத் தீர்வை, செஸ் வரி, துறைமுக, விமான நிலைய அறவீடு, வற் வரி என்று வரிசையாக எழுதப்பட்டிருக்கும். மூலப்பொருளுக்கான வரி முடிவுப்பொருளுக்கான வரியை எட்டிவிட்டால், இங்கே தயாரிப்பதைவிட வெளியிலிருந்து இறக்கி விற்பதே இலாபம் என்றாகிவிடும். அதன் பின்னர் தொழிற்சாலையின் கதவைப் பூட்டுவதற்கு வேறு காரணம் வேண்டியதில்லை. ஆகவே ஒரு சங்கம் போராடுவது அந்தப் புத்தகத்தின் ஒரு வரிசைக்காகத்தான். ஒரு வரிசைக்காகத்தான் என்பதை மீண்டும் சொல்கிறேன், ஏனென்றால் நான் அடுத்துச் சொல்லப்போவது முழுவதும் அதில்தான் தங்கியிருக்கிறது.

எங்கள் சங்கத்தில் ரொபி தயாரிப்போர் பலர் இருந்தார்கள். பெரிய தொழிற்சாலைக்காரர்கள் இருந்தார்கள். கொட்டாஞ்சேனையில் வீட்டின் பின்கட்டில் அடுப்பு வைத்து, நான்கைந்து பெண்களோடு வேலை செய்யும் சிறியவர்களும் இருந்தார்கள். ரொபியைச் சுற்றும் மெல்லிய தாளுக்கு வரி கூடிவிட்டது, அதைக் குறைக்கக் கேட்க வேண்டும் என்பது இவர்கள் அனைவருடைய ஒருமித்த குரல். ஆனால் அதே சங்கத்தில், உள்ளூரிலேயே பொதியிடும் தாள் தயாரிக்கும் ஒருவரும் அங்கத்தவராக இருந்தார். இறக்குமதித் தாளுக்கு வரி குறைந்தால் அவருடைய இயந்திரம் நின்றுவிடும். ஒரே சங்கத்திலிருந்து இரண்டு குரல் வந்தால் அமைச்சு அதிகாரி கோப்பை மூடிவைத்துவிட்டு, "முதலில் உங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டு வாருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடுவார். அப்படிச் சொல்வது நியாயமும்கூட. அரசாங்கத்தோடு பேசுவதைவிட அங்கத்தவர்களோடு பேசி முடிப்பதே கடினம் என்பதை நான் கற்றுக்கொண்டது அந்த விவகாரத்தில்தான்.

மூன்று மாலைகள் கூட்டம் நடந்தது. முதல் இரண்டு மாலைகளும் குரல் உயர்ந்ததே மிச்சம். மூன்றாம் நாள், கொட்டாஞ்சேனைக்காரர்களில் மூத்தவரான ஒருவர் ஒரு கடைப் பையோடு வந்தார். அதிலிருந்து இரண்டு ரொபிகளை எடுத்தார். ஒன்றை உள்ளூர்த் தாளிலும் மற்றதை இறக்குமதித் தாளிலும் எல்லோரும் பார்க்கத்தக்கதாக இரு முனைகளையும் முறுக்கி, மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் அமர்ந்துகொண்டார். தேநீர் வந்தது. பிளேன்ரீயைக் குடித்து முடிப்பதற்குள் உள்ளூர்த் தாளின் முறுக்கு மெல்ல மெல்லத் தளர்ந்து, ரொபி தானாகவே திறந்துகொண்டது. மற்றது முறுக்கியது முறுக்கியபடியே இருந்தது. தாள் தயாரிப்பவர் அதை எடுத்தார், மீண்டும் முறுக்கினார், உற்றுப் பார்த்தார், மீண்டும் முறுக்கினார். பிறகு, "முறுக்கு நிற்கிற இந்த ரகம் நான் செய்வதில்லை" என்றார். அந்த ஒரு வார்த்தையோடு பிணக்குத் தீர்ந்தது. முறுக்கு நிற்கும் ரகத்துக்கு மட்டும் வரியைக் குறைக்கும்படியும், உள்ளூரில் செய்யப்படும் ஏனைய ரகங்களுக்கு இருக்கும் பாதுகாப்பை அப்படியே விடும்படியும் கேட்பது என்று தீர்மானித்தோம்.

அதன் பின்னர் ஒரே ஒரு பக்கத்தில் மகஜரை எழுதினேன். அதிகாரி கேட்கும் கேள்விகள் எப்போதும் இவைதான்: சுங்க எண் என்ன, அரசுக்கு எவ்வளவு வருமானம் இழப்பு, இதனால் பாதிக்கப்படுகிறவர் எவர். மூன்றுக்கும் விடை எழுதி, அதே இரண்டு ரொபிகளையும் கையில் கொண்டுபோனோம். சில வாரங்களில் வர்த்தமானி வெளிவந்தது. வாசித்துப் பார்த்தபோது எனக்கு முதலில் பெருமையாகவும் அடுத்த நிமிடம் திகைப்பாகவும் இருந்தது. தாளின் விபரணம் நான் எழுதிய வசனம், ஒரு சொல்லும் மாறவில்லை. அதற்கு நேரே இருந்த எண்ணும் நான் எழுதிய எண்தான். ஆனால் அதன் கடைசி இலக்கத்தை நான் தட்டச்சில் பிழையாக அடித்திருந்தேன். எண்ணும் விபரணமும் பொருந்தாத நிலையில் எங்கள் ரகத்துக்குச் சலுகை கிடைக்கவில்லை. வந்திறங்கிய சரக்கு துறைமுகத்தில் தங்கியது. தாமதக் கட்டணம் நாளுக்கு நாள் ஏறியது. திருத்தம் வெளிவரும் வரை சிறியவர்கள் புறக்கோட்டையில் பழைய விலைக்கே தாள் சுருள் வாங்கினார்கள்.

நான் கொட்டாஞ்சேனைக்குப் போய் அந்த மூத்தவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, நீர் அடிச்ச கடதாசியை வேற ஒருத்தரும் பார்க்கேல்லையா?"

பார்க்கவில்லை என்பதே உண்மை. நான் எழுதினேன், எங்கள் தலைவர் கையொப்பமிட்டார், ஓர் அதிகாரி அதை வாங்கினார். நாடு முழுவதையும் கட்டுப்படுத்தும் ஒரு கட்டளையின் வாசகம் எங்கள் அலுவலகத்து மேசையில் பிறந்து, இரண்டு மூன்று பேரின் கைகளை மட்டும் கடந்து, பிழையோடு அப்படியே சட்டமாகிவிட்டது. நேர்மையான தட்டச்சுப் பிழை ஒன்று இவ்வளவு எளிதாகக் கடந்துபோக முடியுமென்றால், வேண்டுமென்றே செருகப்பட்ட ஒரு சொல் எவ்வளவு எளிதாகக் கடந்துபோகும்? சங்கங்கள் கேட்பது தவறென்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். கேட்டது என்ன என்பதை ஊர் பார்க்க முடியாமல் இருப்பதுதான் தவறு.

இதற்கு ஒரு காரணம் உண்டு. 1962 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வருமானப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தீர்வை மாற்றம் உடனடியாகவே நடைமுறைக்கு வந்துவிடும். பின்னர்தான் அது பாராளுமன்றத்துக்குச் செல்லும். முன்கூட்டியே தெரிந்தால் பதுக்குவோர் பதுக்குவர் என்பதால் அப்படி வகுத்தார்கள், அது சரியே. ஆனால் மாற்றம் வந்த பின்னரும் கேட்டவர் எவர், சொன்ன நியாயம் என்ன என்பது ஏன் மூடியே இருக்க வேண்டும்? 2020 ஒக்டோபர் 13 ஆம் திகதி, 2007 ஆம் ஆண்டின் வேறொரு சட்டத்தின் கீழ், இறக்குமதிச் சீனி கிலோ ஒன்றுக்கான விசேட வர்த்தகப் பண்ட அறவீடு 50 ரூபாவிலிருந்து 25 சதமாகக் குறைக்கப்பட்டது. கடையில் சீனியின் விலை அந்த அளவுக்கு இறங்கவில்லை என்பதை அந்த மாதங்களில் சீனி வாங்கிய ஒவ்வொரு வீட்டாரும் அறிவார்கள். பாராளுமன்றக் குழுவும் கணக்காய்வாளர் நாயகமும் பின்னர் ஆராய்ந்தார்கள். கோரிக்கையும் அதற்கான நியாயமும் எழுத்தில், வர்த்தமானியோடு சேர்ந்தே வெளிவரும் வழக்கம் இருந்திருந்தால், அந்த ஆராய்ச்சியை நாட்டு மக்கள் மறுநாளே தொடங்கியிருப்பார்கள்.

வெளிச்சத்தில் நடந்த ஒரு விவகாரத்தையும் சொல்கிறேன். சிகரெட் பெட்டிகளில் படத்தோடு எச்சரிக்கை போட வேண்டும் என்று 2012 இல் சுகாதார அமைச்சு ஒழுங்குவிதி கொண்டுவந்தபோது, உற்பத்தி நிறுவனம் நீதிமன்றத்துக்குப் போனது. 2014 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் பெட்டியில் அந்த எச்சரிக்கை பிடிக்க வேண்டிய பரப்பை 50 முதல் 60 சதவீதம் என்று குறைத்தது. 2015 இல் பாராளுமன்றம் சட்டத்தையே திருத்தி 80 சதவீதமாக்கியது. இரு தரப்பின் வாதமும் பகிரங்கமாக இருந்தது. எவர் என்ன சொன்னார் என்பதை இன்றும் எடுத்து வாசிக்கலாம்.

சங்கங்கள் இல்லாமல் அரசாங்கம் நடக்காது என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது. திறைசேரியில் இருக்கும் அதிகாரிக்கு முறுக்கு நிற்கும் தாள் எது, நிற்காத தாள் எது என்று எப்படித் தெரியும்? 2025 ஏப்ரலில் அமெரிக்கா நம் பொருட்களுக்கு 44 சதவீதத் தீர்வை அறிவித்து, பின்னர் அது 30 ஆகி, ஓகஸ்டில் 20 இல் வந்து நின்ற மாதங்களில், எந்த ஆடை எவ்வளவு போகிறது, எத்தனை பேரின் வேலை அதில் தங்கியிருக்கிறது என்பதை எடுத்துச் சொல்லக்கூடியவர்கள் அந்தத் தொழிலில் இருப்பவர்களே. எல்லா மகஜரும் வெல்வதுமில்லை. ஏற்றுமதியாளர்கள் மூலப்பொருளுக்கு வற் வரியைக் கையிலிருந்து செலுத்தாமல் வாங்க உதவிய எளிமைப்படுத்தப்பட்ட முறை, அவர்களுடைய சங்கங்கள் எதிர்த்தும், 2025 ஒக்டோபர் 1 ஆம் திகதி முதல் நீக்கப்பட்டது. இப்போது செலுத்திவிட்டு மீளப்பெறக் காத்திருக்க வேண்டும். அதைப் பெரியவர் வங்கியில் கடன் வாங்கிச் சமாளிப்பார். சிறியவர் என்ன செய்வார்?

சந்தாப் பணம் அதிகம் கட்டுகிறவருக்கே சங்கத்தில் குரல் அதிகம் என்ற பிரச்சினையை விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். கண்ணாடிக்கு அப்பாலிருந்து நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். ஆகையால் அதை விட்டுவிட்டு ஒரேயொரு விடயத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒவ்வோர் அமைச்சிலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்கிறார். தமிழில் எழுதிக் கேட்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. 14 வேலை நாட்களுக்குள் அவர் தம் முடிவை அறிவிக்க வேண்டும். வர்த்தக இரகசியம் என்று சிலவற்றை மறுக்க அவருக்கு இடமுண்டு. மறுத்தால் மேன்முறையீடு செய்யவும் வழியுண்டு. நீங்கள் வாங்கும் ஏதாவது ஒரு பொருளின் வரி மாறியதாகச் செய்தியில் கேட்டால், வர்த்தமானியின் இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொண்டு, இந்த மாற்றத்தைக் கோரி அமைச்சுக்குக் கிடைத்த மகஜர்களின் பிரதிகள் வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். பிரதி கிடைத்தால் சுங்க எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களையும் ஒருமுறை சரிபாருங்கள்.

வணக்கம்.